அரசாங்க விருந்து ஒயினும் ஆம்பூர் பிரியாணியும்

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன் சார். அடுத்த மாதம் இத்தாலியிலிருந்து பையர்கள் (எங்களிடம் தோல் வாங்குபவர்கள்) நான்கு பேர் வருகிறார்கள். “அரசாங்க விருந்துல வைப்பாங்களே, அந்த மாதிரி ஒயினா பார்த்து வாங்கு, பாட்டில் எட்டாயிரம் ஆனாலும் பரவாயில்லை” என்கிறார் முதலாளி. எனக்கு ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அரசாங்கங்கள் எதைப் பார்த்து வாங்குகின்றன? (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: விவரமான அரசாங்கங்கள் விலை ஏறிய பிறகு கடைக்குப் போவதில்லை என்று முதலில் முதலாளியிடம் சொல்லுங்கள். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போதே வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு பானையில் அடைத்து வைப்பார்களே நம் பாட்டிமார்கள், அதே கணக்குதான்.

பிரிட்டிஷ் அரசின் ஒயின் கிடங்கு லண்டனில் லங்காஸ்டர் மாளிகையின் நிலவறையில் இருக்கிறது. என்ன வாங்கலாம் என்று சொல்ல 1922-ல் ஒரு குழு போட்டார்கள். ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ என்ற கடினமான பட்டம் வாங்கியவர்கள் அதில் உட்கார்ந்து ருசி பார்த்துச் சொல்கிறார்கள். ஒயின் இளசாக, மலிவாக இருக்கும்போதே வாங்கி, பதம் வரும்வரை பல வருடம் இருட்டில் படுக்கப் போட்டு வைப்பார்கள். வேற்று நாட்டு ராஜா வந்தால் ஒரு ரகம், சும்மா நின்றுகொண்டு பேசிவிட்டுப் போகும் மாலை வரவேற்புக்கு ஒரு ரகம். சம்பந்திக்கு வெள்ளித் தம்ளர், மற்றவர்களுக்கு எவர்சில்வர் என்கிற நம் வீட்டு நியாயம் அங்கேயும் உண்டு. 2011-லிருந்து இன்னொரு ஏற்பாடு: விலை எகிறிப்போன பழைய பாட்டில்கள் சிலவற்றை ஏலத்தில் விற்று, அந்தப் பணத்தில் புதிதாக வாங்கிக்கொள்வது. எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு தீர்ந்தது என்று அறிக்கையும் போடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்ததே இந்தக் கணக்குதான். உள்ளூர்ச் சரக்குக்கும் இடம் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் தோட்டத்து ஒயினைத் தங்கள் விருந்தாளிக்குத் துணிந்து ஊற்றுகிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்களிடம் அந்தச் சங்கடமே கிடையாது. அதிபரின் எலிசே மாளிகைக் கிடங்கு 1947-ல் வந்தது. பிரெஞ்சு ஒயினைத் தவிர வேறெதுவும் அதன் படி இறங்காது. 2013 மே மாதம் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை, 1,200 பாட்டில்களை, ஏலம் விட்டார்கள். ஏழு லட்சம் யூரோவுக்கு மேல் கிடைத்தது. 1990-ஆம் வருடத்து ‘பெட்ரூஸ்’ என்ற ஒயின் ஒரு பாட்டில் மட்டும் ஏழாயிரத்தைந்நூறு யூரோவைத் தாண்டிப் போனது. வந்த பணத்தில் ஒரு பகுதிக்கு எளிமையான, வயது குறைந்த ஒயின்களை வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் கஜானாவில் கட்டினார்கள். வீட்டுப் பரணில் கிடந்த பித்தளை அண்டாவை விற்று குக்கர் வாங்குகிற மாதிரி!

அமெரிக்க வெள்ளை மாளிகையில் அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்திலிருந்து அமெரிக்க ஒயின்தான். 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் பெய்ஜிங்கில் சீனப் பிரதமர் சூ என்லாயோடு கிண்ணம் உயர்த்தியபோது அதில் இருந்தது கலிபோர்னியாவின் ஷ்ராம்ஸ்பெர்க், நுரை ததும்பும் வெள்ளை ஒயின். விருந்தாளியின் ஊரை நினைவூட்டுகிற மாதிரி தேடி எடுப்பதும் உண்டு. 2023 ஜூனில் நம் பிரதமருக்கு வெள்ளை மாளிகையில் கொடுத்த விருந்தின் பட்டியலில் ‘பட்டேல் ரெட் பிளெண்ட் 2019’ என்று ஒன்று இருந்தது. குஜராத் வம்சாவளிக்காரர் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் போடும் ஒயின் அது.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். இத்தாலிக்காரருக்கு இத்தாலி ஒயின் வாங்கி வைப்பது ஆம்பூருக்கே பிரியாணி பார்சல் கொண்டுபோவது போல. வெளிநாட்டு ஒயினுக்குச் சுங்கத்தில் கட்டும் வரிகள் எல்லாம் சேர்ந்து பொதுவாக 150 சதவீதம், அதற்கு மேல் மாநில வரி. அவர் ஊர்ப் பெட்டிக்கடையில் பத்து யூரோவுக்குக் கிடைப்பதை நீங்கள் எட்டாயிரம் கொடுத்து வாங்கி வைத்தால், அவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு மனதுக்குள் சிரிப்பார். (ஆஸ்திரேலிய ஒயினுக்கு, இறக்குமதி விலை பாட்டில் 5 டாலருக்கு மேல் இருந்தால், 2022 டிசம்பர் ஒப்பந்தப்படி வரி படிப்படியாகக் குறைகிறது.) நாசிக், சோலாப்பூர் பக்கத்து அக்லூஜ், பெங்களூரு பக்கத்து நந்தி மலை, இந்த மூன்று வட்டாரத்திலும் நல்ல ஒயின் போடுகிறார்கள். முதலாளி சொன்ன தொகையில் கால்வாசிக்குள் முடித்துவிடலாம். அந்த அரசாங்கங்கள் செய்வதும் இதுதானே.

சாப்பாட்டை முடிவு செய்த பிறகு ஒயினைத் தேடுங்கள். அரசு விருந்துகளிலும் மெனுதான் முந்தி. பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு என்று காரமும் புளிப்பும் வைக்கப் போகிறீர்கள் என்றால் துவர்ப்பு தூக்கலான சிவப்பு ஒயின் வேண்டாம். மிளகாயோடு சேர்ந்து நாக்கைச் சுடும். லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின், நாசிக்கின் ‘ஷெனின் பிளாங்க்’ மாதிரி, நன்றாகக் குளிர வைத்துக் கொடுத்தால் போதும். தொக்கு மட்டும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் செய்யச் சொல்லுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய காய். பேச்சுக்கும் ஒரு விஷயம் கிடைக்கும்.

கம்பெனி ஹாலில் நீங்களே பாட்டிலைத் திறந்து ஊற்ற வேண்டாம். உரிமம் உள்ள ஓட்டலில் வையுங்கள். வேறு ஹாலில்தான் என்றால் அதற்குத் தனி உரிமம் வேண்டும். கலெக்டர் ஆபீஸில் கலால் பிரிவு உதவி ஆணையரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபங்களுக்கும் இதைத் தரலாம் என்று 2023-ல் விதி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் கல்யாண மண்டபத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். நினைவிருக்கும்.

ஓட்டல் பில் வந்ததும் அக்கவுண்டன்டிடம் கொடுக்குமுன் நீங்கள் ஒரு தரம் பாருங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வாட் வரிதான். சாப்பாட்டையும் ஒயினையும் ஒன்றாகக் கூட்டி மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்டிருந்தால் திருத்தச் சொல்லலாம். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு தொகை இருந்தால், அது கட்டாயமில்லை. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். இந்த எண்ணைப் பேச்சில் எடுத்தாலே பாதி இடங்களில் பில் தானாக மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் நம் அரசும் நம் வரிப்பணத்தில் ஒயின் வாங்கி விருந்தாளிகளுக்குக் கொடுக்கிறதா? (குடியாத்தம், ஓய்வு பெற்ற ஆசிரியை)

பதில்: இல்லை அம்மா. குடியரசுத் தலைவர் மாளிகை விருந்தில் மது கிடையாது. கிண்ணம் உயர்த்தினாலும் பழச்சாறுதான். 2023 செப்டம்பர் ஜி-20 விருந்தும் அப்படித்தான் நடந்தது. சைவச் சாப்பாடு, சிறுதானியம், கடைசியில் காஷ்மீர் காவாவும் நம் ஃபில்டர் காபியும். அரசியல் சாசனத்தின் 47-வது பிரிவு மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது. ‘நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டை’ என்று வேலூருக்குச் சொல்வார்களே, டெல்லிக்கு ‘ஒயினில்லா விருந்து’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

வேடிக்கை நம் மாநிலத்தில்தான். ராஜாஜி 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, சித்தூர், கடப்பை வழியாக 1939-ல் நம் வட ஆற்காட்டுக்கு வந்தது. அந்த 1937-ஆம் வருடத்துச் சட்டம் ‘மதுவிலக்குச் சட்டம்’ என்ற பெயரோடே இன்றும் அமலில் இருக்கிறது. அதே சட்டத்தின் கீழ்தான் 2003-லிருந்து டாஸ்மாக் கடையில் சில்லறை விற்பனையும் நடக்கிறது. அரசு மொத்தமாக வாங்குகிறது, விற்கிறது, தன் விருந்தில் மட்டும் வைப்பதில்லை.

கேள்வி: மூன்று வருடம் முன்பு பரிசாக வந்த ஒயினை பீரோ மேல் பத்திரமாக வைத்திருந்தேன். பழசானால் ருசி கூடும் என்றார்கள். திறந்தால் புளித்த காடி நாற்றம். கம்பெனி மேல் கேஸ் போடலாமா? (காட்பாடி வாசகர்)

பதில்: போடலாம், நிற்காது. அந்த பாட்டில் காட்பாடியின் மூன்று அக்கினி நட்சத்திரங்களை பீரோ உச்சியில் அனுபவித்திருக்கிறது!

எனக்கும் இது நடந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்த ஒரு பாட்டிலை சமையலறை அலமாரியில், அடுப்புக்கு இரண்டடி தள்ளி, நிற்க வைத்திருந்தேன். அடுத்த ஜூனில் எடுத்தபோது தக்கை அரை அங்குலம் வெளியே தள்ளி, கழுத்தில் பழுப்பாகப் பிசுக்கு வழிந்து காய்ந்திருந்தது. உள்ளே இருந்தது ரசத்துக்குக் கரைத்த புளித்தண்ணீர் நிறம். வெயிலில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளுகிறது, காற்று உள்ளே போகிறது, அவ்வளவுதான் சங்கதி. ஒயினுக்குப் பன்னிரண்டு, பதினான்கு டிகிரி வேண்டும். லண்டன் நிலவறையில் அது கிடைக்கும், நமக்கு மே மாதத்தில் நிழலிலேயே நாற்பது.

பழசானால் கூடும் என்பது கொஞ்சம் ஒயின்களுக்குத்தான் பொருந்தும். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஓரிரு வருடத்துக்குள் குடிக்கப் போட்டவை. லேபிளில் வருடம் பார்த்து, புதிதாக வாங்கி, ஃபிரிட்ஜில் வைத்து, அந்த வாரமே முடித்துவிடுங்கள். வாங்கிய அன்றே கெட்டிருந்தால் மட்டும் பில்லோடு போய்ச் சண்டை போடுங்கள். மாற்றித் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும் மகன் மூன்று பாட்டில் ஒயின் கொண்டுவரலாமா? (சத்துவாச்சாரி)

பதில்: சுங்கவரி இல்லாமல் தலைக்கு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர், சரி. மூன்றாவது வரம்பைத் தாண்டும். ரசீது பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் முதலாளி குடிக்க மாட்டார், ஆனால் பையர்கள் கிண்ணம் உயர்த்தும்போது அவர் கையில் என்ன கொடுப்பது? மரியாதைக் குறைவாகிவிடாதா? (வாணியம்பாடி)

பதில்: இதே சிக்கல் பெரிய இடத்திலும் வந்திருக்கிறது. 1999-ல் ஈரான் அதிபர் கத்தாமியின் பிரான்ஸ் பயணம் தள்ளிப்போனதே மேசையில் ஒயின் இருக்கக் கூடாது என்ற பேச்சில்தான். வெள்ளை மாளிகையில் அவ்வளவு தூரம் போகவில்லை. பட்டேல் ஒயின் வைத்த அதே 2023 விருந்தில் பைடனும் குடிக்காதவர், நம் பிரதமரும் குடிக்காதவர். இருவரும் ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சி பானத்தை உயர்த்தினார்கள், மற்றவர்கள் தங்கள் ஒயினை உயர்த்தினார்கள்.

உங்கள் முதலாளிக்கும் அதே மாதிரி கண்ணாடிக் கிண்ணத்தில் நன்னாரி சர்பத் ஊற்றிக் கொடுங்கள். நிறம் ஏறக்குறைய சிவப்பு ஒயின்தான். எலுமிச்சம்பழம் மட்டும் பிழிய வேண்டாம், நிறம் வெளுத்துவிடும்.