குதிகாலில் ஏன் இத்தனை ஊசி?

கேள்வி: ஏழாம் மாதத்தில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து இன்சுலின் போட்டுக்கொண்டேன். போன வாரம் மகன் பிறந்தான். எடை 3.9 கிலோ. நன்றாக அழுதான், பால் குடித்தான். ஆனாலும் முதல் நாள் முழுக்கக் குதிகாலில் குத்திக் குத்தி இரத்தம் எடுத்தார்கள். ஒருமுறை 34 என்று வந்ததும் கன்னத்துக்குள் ஏதோ ஜெல் தடவினார்கள். ‘நீ போட்ட இன்சுலின் பிள்ளைக்கும் போய்விட்டது, இனி அவனுக்கும் சர்க்கரைதான்’ என்கிறார் மாமியார். நிஜமா டாக்டர்?

பதில்: இரண்டுமே இல்லை அம்மா. நீங்கள் போட்ட இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. தாண்டுவது குளுக்கோஸ்தான். உங்கள் இரத்தத்தில் சர்க்கரை ஏறியபோதெல்லாம் அவனுக்கும் கூடுதலாகப் போயிருக்கும். அதைச் சமாளிக்க அவன் கணையமே இன்சுலினைத் தாராளமாகச் சுரந்து பழகிவிட்டது. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் சொன்ன விளக்கம் இது. இன்றும் மாணவர்களுக்கு நாங்கள் நடத்துவது இதைத்தான். அந்த 3.9 கிலோவிலும் இந்த இன்சுலினுக்குப் பங்கு இருக்கலாம்.

தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். கணையத்துக்கு அது உடனே புரியாது, பழைய வேகத்திலேயே சுரக்கும். அதனால் முதல் சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்குகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். இது நீரிழிவு அல்ல, நேர் எதிர்.

நன்றாகப் பால் குடிக்கிற பிள்ளைக்கு எதற்கு ஊசி என்றால், சர்க்கரை இறங்கிய குழந்தை பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கலாம். நடுக்கம், வலிப்பு வரும்வரை காத்திருக்க முடியாது, மூளைக்கு ஆபத்து. எந்த எண்ணுக்குக் கீழே போனால் சிகிச்சை என்று எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. 40 என்பார் சிலர், 47 என்பார் சிலர். ஆனால் 34-ஐ யாரும் சும்மா விடமாட்டார்கள். குதிகாலின் ஓரத்தில்தான் குத்துவோம், நடுவில் எலும்பு கிட்டத்தில் இருக்கிறது. குத்தும்போது பிள்ளை மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தால் வலி குறையும். (இதைச் செய்ய விடாத வார்டுகள் இருப்பது எனக்கு எரிச்சல்தான்.)

அந்த ஜெல் 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், வெறும் சர்க்கரை. உங்கள் மகனின் எடைக்கு 2 மில்லி அளவு வரும். கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்துவிட்டுத் தேய்ப்பார்கள், அப்புறம் தாய்ப்பால். 2013இல் நியூசிலாந்தில் வந்த ஆய்வுக்குப் பிறகு இது பரவலானது. அதிலும் ஏறாவிட்டால்தான் நரம்பு வழியாகக் குளுக்கோஸ்.

இப்போது கவனிக்க வேண்டியது மஞ்சள் காமாலை. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்குச் சிவப்பணு அதிகமாக இருக்கும், அது உடையும்போது மஞ்சள் ஏறும். கால் வரை மஞ்சள் தெரிந்தாலோ, பாலுக்கு எழாமல் தூங்கினாலோ, மூச்சு வேகமாக இருந்தாலோ அன்றே காட்டுங்கள்.

பிற்காலத்தில் உடல் பருமனும் நீரிழிவும் வரும் வாய்ப்பு இந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல். தாய்ப்பால் கொடுங்கள், எடையைக் கவனியுங்கள். இப்போதைக்கு அது போதும்.

உங்கள் சங்கதி ஒன்று பாக்கி. பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்குத் தேதி வாங்குங்கள். எல்லோரும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பதில் இது விட்டுப்போகும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால், கருத்தரிக்கும் முன்பே ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள். இதயமும் முதுகுத்தண்டும் முதல் இரண்டு மாதத்திலேயே உருவாகிவிடுகின்றன.