ஆம்பளையா மிட்வைஃபரி (பிரசவம் பாக்குற படிப்பு) படிக்க லோன் போடலாமா?

"வயசு 29, ஆபீஸ் வேலைல இருக்கேன், மிட்வைஃபரி படிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆனா ஆம்பளைக்கு யாரு வேலை குடுப்பா, லோன் போட்டா கட்டி முடிக்க முடியுமா"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு.

தம்பி, ஆள் தேவை நிச்சயமா இருக்கு. உலகம் முழுக்க 9 லட்சம் மிட்வைஃப் பத்தலைன்னு 2021ல உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து போட்ட ரிப்போர்ட்டே சொல்லுது. ஆனா ஃபீஸ் கணக்கு போடுறதுக்கு முன்னாடி நீங்க படிக்கப்போற, வேலை பாக்கப்போற ரெண்டு எடத்துலயும் ஆம்பளைய மிட்வைஃபா ரெஜிஸ்டர் பண்ணுவாங்களான்னு, அந்த ரெஜிஸ்ட்ரேஷன பாத்துக்கிற அந்தந்த எடத்து கவுன்சில்ல கேட்டுருங்க, ஏன்னா பிரிட்டன்லயே 1983லதான் முழுசா அனுமதிச்சாங்க, இன்னிக்கும் அங்க நூறு மிட்வைஃப்ல ஒருத்தர்கூட ஆம்பளை இல்ல.

அடுத்தது பிராக்டிகல், நெறைய பேர் கவனிக்காம விடுறது இதத்தான். ஐரோப்பிய யூனியன் விதிப்படி மாணவர் குறைஞ்சது 40 பிரசவம் தன் கையால பாத்திருக்கணும், கேஸ் கம்மியான எடத்துல 30 பாத்துட்டு இன்னும் 20ல கூட நின்னு உதவணும். ஒரு அம்மா "ஆம்பளை வேணாம்"னா அது அவங்க உரிமை, அதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல, ஆனா அப்படி நாலஞ்சு தடவ ஆனா எண்ணிக்கை தள்ளிப்போகும், கோர்ஸ் இழுத்தா ஃபீஸோட அந்த மாசத்து சம்பளமும் சேர்ந்து போகும். அதனால காலேஜ்ல நேரா கேளுங்க, இதுவரைக்கும் எத்தன பசங்க சேந்தாங்க, எத்தன பேர் டைமுக்கு முடிச்சாங்கன்னு. மழுப்புனா அட்வான்ஸ் கட்டாதீங்க.

செலவுல பெருசு ஃபீஸ் இல்ல, நீங்க விடப்போற சம்பளம்தான். நைட் ஷிப்ட் போஸ்டிங் இருக்கறதால பார்ட் டைம் வேலைய நம்பி பட்ஜெட் போடாதீங்க.

சர்வதேச மிட்வைஃப் கூட்டமைப்போட தரப்படி நேரா சேந்தா குறைஞ்சது 3 வருசம், நர்சிங் முடிச்சவங்களுக்கு 18 மாசம். லோன் போட்டு படிக்கிறவருக்கு நான் நர்சிங் வழியதான் சொல்லுவேன், மொத்தத்துல நாள் கூடும்தான், ஆனா நடுவுல நர்ஸா சம்பாதிச்சு பாதி கடன அடைக்கலாம், லேபர் வார்டுல எடம் கிடைக்க லேட்டானாலும் கைல ஒரு வேலை இருக்கும். நர்சிங்ல துளிகூட விருப்பமில்லைன்னா மட்டும் நேரா போங்க.

வேலைக்கு முதல்ல பெரிய ஆஸ்பத்திரியா பாருங்க. பரிசோதனை பண்றப்போ கூட ஒரு பெண் ஸ்டாஃப் நிக்கணும்னு நெறைய எடத்துல கேப்பாங்க, ஆள் கம்மியான சின்ன கிளினிக்ல ராத்திரி அது கஷ்டம். தனியா பிராக்டிஸ் ஆரம்பிக்கிறத லோன் முடியிற வரைக்கும் கணக்குலயே சேக்காதீங்க.