மில்ட்ரெட் எங்கே போனாள்?

அன்புள்ள ஐயா,

நான் புதுவயல்காரன். சென்னையில் வேலை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது காரைக்குடியில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலைப் படித்தோம். தீயணைப்பு வீரர்களே வீடுவீடாகப் போய்ப் புத்தகங்களைக் கொளுத்துகிற ஒரு காலத்தைப் பற்றிய கதை. அப்படிக் கொளுத்துகிற மோன்டாக் என்பவன் ஒருநாள் ஒரு புத்தகத்தைத் திருடி ஒளித்துவைக்கிறான். படித்து முடித்த கையோடு, 1966இல் த்ரூஃபோ எடுத்த படத்தையும் 2018இல் ரமின் பஹ்ரானி எடுத்த படத்தையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தோம்.

அதன் பிறகு ஒரே சண்டை. பழைய படம்தான் நாவலுக்கு உண்மையாக இருக்கிறது, புதியது துரோகம் என்று இரண்டு பேர். புத்தகங்களை எல்லாம் மரபணுவில் பதிந்து ஒரு பறவைக்குள் வைப்பதாகப் புதிய படத்தில் வருகிறதே, அது நாவலில் எங்கே இருக்கிறது என்கிறார்கள். காகிதமே ஒழிந்துவரும் காலத்தில் 1953இல் எழுதியதை அப்படியே எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று மற்ற இருவர். நான் நடுவில். மூலக்கதையை எவ்வளவு தூரம் மாற்றலாம்? எந்த இடத்தில் அது துரோகமாகிறது? உங்கள் கருத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கண்டு மகிழ்ச்சி. காரைக்குடியில் ஐந்து பேர் ஒரு நாவலுக்காக இரவெல்லாம் சண்டை போட்டிருக்கிறீர்கள். அந்தத் திண்ணையில் நானும் இருந்திருக்கக்கூடாதா என்று தோன்றியது.

உங்கள் கேள்விக்குப் பிராட்பரியின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. நாவலில் மோன்டாக்கை முதலில் யோசிக்கவைக்கும் கிளாரிஸ் என்ற பெண் பாதியில் காணாமல் போகிறாள். கார் மோதிச் செத்துவிட்டதாகப் பேச்சு. த்ரூஃபோ அவளைச் சாகவிடவில்லை, படத்தின் கடைசிவரை கொண்டுவந்தார். இயந்திர நாயையும் ஃபேபர் என்ற கிழப் பேராசிரியரையும் அடியோடு எடுத்துவிட்டார். பழைய படம் நாவலுக்கு உண்மையாக இருக்கிறது என்று சொல்லும் உங்கள் நண்பர்கள் இதைக் கவனித்தார்களா? பிராட்பரிக்கு கிளாரிஸ் பிழைத்தது பிடித்துப்போனது. பிற்பாடு இதே கதையை அவர் நாடகமாக எழுதியபோது அவளை உயிரோடு விட்டார்.

அதே மனிதர் இன்னொரு மாற்றத்தைக் கண்டு கொதித்துப் போனார். 1967இலிருந்து பள்ளிக்கூடங்களுக்கென்று வந்த பதிப்பில், 75க்கும் மேற்பட்ட இடங்களில் சொற்களையும் வரிகளையும் அவருக்குத் தெரியாமலே திருத்தியிருந்தார்கள். கதை மாறவில்லை. உறுத்தும் என்று நினைத்த சொற்களை மட்டும் பார்த்துப் பார்த்து நீக்கியிருந்தார்கள். 1979இல்தான் அவருக்குத் தெரிந்தது. மூலத்தை மறுபடி அச்சிட வைத்தார்.

ஒரு பெண்ணைச் சாவிலிருந்து மீட்டதை ஏற்றுக்கொண்டவர், சில வசவுச் சொற்களை எடுத்ததை ஏற்கவில்லை. என் அளவுகோலும் அதுதான். ஒருவர் கதையோடு எதைச் சேர்த்தாலும் எனக்குப் பெரிய வருத்தமில்லை. கதையில் எந்த இடம் நம்மைக் குத்துகிறதோ அதை எடுத்துவிட்டார்களா என்றுதான் பார்ப்பேன்.

அதனால் அந்தப் பறவையோடு எனக்குச் சண்டை இல்லை. புத்தகங்களை எமோஜிகளாகச் சுருக்கி மக்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று புதிய படத்தில் வருவதும், எரிப்பதை நேரலையில் காட்டி அதற்கு மக்கள் குறி போடுவதும் சரியான ஊகங்கள். பிராட்பரி இன்று எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன். என் கேள்வி வேறு. மில்ட்ரெட் எங்கே?

மோன்டாக்கின் மனைவி. காதுக்குள் சிப்பி போன்ற வானொலியைச் செருகிக்கொண்டே தூங்குகிறவள். வீட்டில் மூன்று சுவர்கள் தொலைக்காட்சி, நாலாவது சுவரும் வேண்டும் என்கிறாள். விலை 2,000 டாலர், கணவனின் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. சுவரில் பேசுகிறவர்களைத் தன் குடும்பம் என்கிறாள். ஒரு ராத்திரி தூக்க மாத்திரைகளை அள்ளி விழுங்கிவிடுகிறாள். வயிற்றைக் கழுவ வருகிறவர்கள் மருத்துவர்கள்கூட இல்லை, கருவியை இயக்கத் தெரிந்த இரண்டு வேலையாட்கள். இதுபோல் இரவுக்கு ஒன்பது பத்து வருகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். காலையில் எழுந்தவளுக்கு ஒன்றுமே நினைவில்லை, பசிக்கிறது என்கிறாள். உலக இலக்கியத்தில் என்னை இப்படி நடுங்கவைத்த காலைகள் அதிகமில்லை.

இவளை வைத்துத்தான் நாவல் தன் முக்கியமான செய்தியைச் சொல்கிறது. இது அரசாங்கம் மேலிருந்து இறக்கிய சட்டமில்லை, மக்கள் தாங்களாகவே படிப்பதை விட்டார்கள், தீ பிறகுதான் வந்தது. தீயணைப்புத் தலைவன் பீட்டி அதைப் பெருமையாகச் சொல்கிறான், ஃபேபர் துக்கத்தோடு சொல்கிறார். த்ரூஃபோ அவள் பெயரை லிண்டா என்று மாற்றினாலும் ஆளை வைத்துக்கொண்டார். அதோடு ஜூலி கிறிஸ்டி என்ற ஒரே நடிகையை மனைவியாகவும் கிளாரிஸாகவும் நடிக்கவைத்தார். தூங்கும் முகமும் விழித்த முகமும் ஒன்றே. அந்த ஒரு காரியத்துக்காக அவர் செய்த மற்ற எல்லா மாற்றங்களையும் நான் மன்னிப்பேன்.

2018 படத்தில் மோன்டாக் தனியாள். மனைவியே கிடையாது. மனைவி போனதும் குற்றம் முழுக்க ஆட்சியின் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எரிக்கிறவர்கள் கெட்டவர்கள், ஒளித்துவைப்பவர்கள் நல்லவர்கள், பார்க்கும் நாம் நல்லவர்கள் பக்கம். நாவல் அந்தச் சௌகரியத்தை நமக்குத் தரவில்லை.

தமிழில் படிக்கிற யாருக்கும் இந்த நாவலைத் தொட்டவுடன் 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம் நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. ஆனால் அது பிறர் வைத்த தீ. பிராட்பரி கேட்பது, யாரும் தீ வைக்க வராதபோது நீ என்ன செய்தாய் என்று. அந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலைச் சொல்கிறேன்.

எங்கள் பெரிய வீடு பதினோரு பங்காளிகளுக்குச் சொந்தம். இரண்டாங்கட்டில் ஓர் அறை, அதில் இரண்டு பெட்டகம் நிறையப் புத்தகங்கள். ஐயா கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன இடத்திலிருந்து அனுப்பியவை, காரைக்குடியில் சொ. முருகப்பா நடத்திய ‘குமரன்’ இதழ்களின் கட்டுகள், பழைய நாடக நோட்டீஸ்கள். அவற்றோடு அப்பத்தா பென்சிலில் தாலாட்டுகளை எழுதிவைத்த கணக்கு நோட்டு ஒன்று. ஒரு மழைக்காலத்தில் ஓடு ஒழுகிக் கரையான் ஏறிவிட்டது. பங்காளி ஒருவர் போன் செய்து, “அறையை ஒழிக்கணும், என்ன செய்ய?” என்றார். நான் சென்னையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசி ஓவர்கள். “போட்டுருங்க” என்றேன். எடைக்குப் போட்டுவிட்டார்கள். பணத்தைப் பதினொன்றாகப் பிரித்ததில் என் பங்குக்கு 340 ரூபாய் வந்தது. அந்த நோட்டு உள்ளே இருந்தது எனக்கு நினைவு வந்தது மறுவாரம்தான். கடைக்கு ஓடினேன், லாரி போய்விட்டிருந்தது.

யாரும் தடை போடவில்லை தம்பி. செட்டிநாட்டு வீடுகளில் கதவும் தூணும் பழம்பொருள் கடைக்குப் போனதைப் பற்றி நாம் வாய் ஓயாமல் பேசுகிறோம். கதவுக்கு ஒரு விலையாவது கிடைத்தது. இதே மண்ணில், கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தார். நாம் எடைக்குப் போட்டதைத்தான் அவர் தேடித் தேடிச் சேர்த்தார். நூல், இதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகைகூட. 1992இல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் நூலகமாக்கியது. வெளியூர்ப் பல்கலைக்கழகம் வந்துதானா காப்பாற்ற வேண்டும் என்று நானே ஒரு காலத்தில் கோபப்பட்டிருக்கிறேன். அந்த 340 ரூபாய்க்குப் பிறகு கோபப்படுவதை விட்டேன்.

நோட்டு போன பிறகு, தேவகோட்டையில் இருக்கும் ஆச்சியிடம் போனேன். பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா மகள், எண்பது தாண்டியவர். அப்பத்தா பாடியது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். பாடவே ஆரம்பித்துவிட்டார். த்ரூஃபோ படத்தின் முடிவில் சாகக் கிடக்கும் கிழவர், தான் மனப்பாடமாகக் காத்துவந்த ஒரு நாவலைத் தன் உடன்பிறந்தார் மகனுக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பார், பனி விழும்போது பையன் தனியாகச் சொல்லிப் பார்ப்பான், நினைவிருக்கிறதா? நான் அந்தப் பையனாகக் கைபேசியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் ஓர் இடத்தில் திடுக்கிட்டேன். மாமன் சீர் கொண்டுவரும் இடத்தில் அப்பத்தா பாடியது ரங்கூன். ஆச்சி சிங்கப்பூர் என்று பாடினார். “ஆச்சி, ரங்கூன்ல?” என்றேன். “இவன் மாமன் சிங்கப்பூர்லல்ல இருக்கான்” என்று பேரனைக் காட்டினார். கப்பல் ஏரோப்பிளேன் ஆகியிருந்தது. வைரக் கடுக்கன் என்னவோ கைக்கடிகாரமாகியிருந்தது. என் மனது உங்கள் முதல் இரண்டு நண்பர்களைப் போலத்தான் துடித்தது.

அதற்கு அடுத்த பகுதிக்கு வந்தார். பிள்ளையின் அப்பச்சி, அதாவது அப்பா, கடல்கடந்து வேலைக்குப் போய் மூன்று வருஷக் கணக்கு முடிந்தும் திரும்பவில்லை, கப்பலைக் கேட்டேன், கடிதத்தைக் கேட்டேன் என்று தாய் சொல்லும் இடம். அப்பத்தா அங்கே குரலைத் தணிப்பார். அதில் ஒரு சொல்லும் மாறவில்லை. இந்தப் பேரனின் அப்பச்சி எங்கும் போகவில்லை, முகப்பில்தான் உட்கார்ந்திருந்தார். “இது இவனுக்குப் பொருந்தாதே, இதை ஏன் மாத்தல?” என்று கேட்டேன்.

“அது எப்படி மாத்துறது? அப்பத்தா அழுவாகள்ல அந்த எடத்துல” என்றார் ஆச்சி.

ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு ஊர் வரும்போது ஐந்து பேரும் வீட்டுக்கு வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.