மாநாட்டுக்கு மருத்துவர் மட்டும் போனால் போதுமா?

(வாசகர்களின் கேள்விகளுக்குப் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவமனை ஒன்றில் வரவேற்பையும் தொலைபேசி அழைப்புகளையும் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் மருத்துவர் இம்முறை நிபுணர்கள் மாநாட்டுக்குச் செவிலியர்களோடு என்னையும் அழைத்துச் செல்கிறார். அறுவை நுட்பங்களைப் பற்றியே பேசும் இடத்தில் எனக்கு என்ன வேலை?

பதில்: நிகழ்ச்சி நிரலை முழுமையாகப் படித்தால் உங்கள் தயக்கத்தில் பாதி குறைந்துவிடும். மைய அரங்கில் மூக்குச் சீரமைப்பைப் பற்றி நிபுணர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், செவிலியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் தனி அமர்வுகள் நடத்துவது பல மாநாடுகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அவற்றோடு நின்றுவிட வேண்டாம். சிகிச்சைக்குப் பின் ஏற்படும் சிக்கல்களைப் பற்றிய அமர்வு எந்த அரங்கில் நடந்தாலும், மருத்துவரும் நீங்களும் அதில் ஒன்றாக உட்காருங்கள்.

முகத்தில் சுருக்கங்களையும் குழிவுகளையும் நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் அன்று மாலையே அழைத்து, "ஊசி போட்ட இடத்தைச் சுற்றி வெளுத்திருக்கிறது, வலியும் கூடிக்கொண்டே போகிறது" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அழைப்பை எடுப்பவர் மருத்துவர் அல்லர், நீங்கள்தான். "முதல் நாள் அப்படித்தான் இருக்கும், ஐஸ் வையுங்கள், நாளைக்குப் பார்க்கலாம்" என்று நீங்கள் நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டால், ஃபில்லர் இரத்தக் குழாயை அடைத்திருக்கும் நிலையில், அந்த ஓர் இரவின் தாமதமே தோலைச் சிதைத்துவிடக்கூடும். ஹயலுரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்னும் நொதி இருக்கிறது. காலம் கடக்குமுன் செலுத்தினால்தான் அது பலன் தரும். பார்வை மங்குகிறது என்று அவர் சொன்னாலோ ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வெளுப்பு, வலை பின்னியது போன்ற நீலத் திட்டுகள், தணியாத வலி, பார்வைக் கோளாறு ஆகியவற்றில் எதைக் கேட்டாலும் யாரை, எந்த எண்ணில், எவ்வளவு விரைவில் அழைப்பது என்பதை அமர்வு முடிந்த கையோடு இருவரும் பேசி எழுதிவையுங்கள். திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்கப்போவதில்லை.

ஆவணப் பராமரிப்பு பற்றிய அமர்வு சலிப்பூட்டும் என்று பலர் நழுவிவிடுகிறார்கள். 2010-இல் பிஐபி என்னும் பிரெஞ்சு நிறுவனம் தொழிற்சாலைத் தர சிலிக்கோனால் செய்த மார்பக இம்பிளான்ட்கள் (உடலுக்குள் பொருத்தும் செயற்கைப் பைகள்) பிரான்சில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டன. அரிய வகை நிணநீர்ப் புற்றுநோயுடன் உள்ள தொடர்பு காரணமாக, 2019-இல் அலர்கன் நிறுவனம் சொரசொரப்பான மேற்பரப்புடைய தன் இம்பிளான்ட்களை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இத்தகைய அறிவிப்பு வரும் நாளில், யாருக்கு எது பொருத்தப்பட்டது என்று உடனே சொல்லக்கூடியது வரிசை எண்ணையும் தொகுதி எண்ணையும் ஒழுங்காகப் பதிந்து வைத்திருக்கும் மருத்துவமனைதான். அந்தப் பதிவேடு பெரும்பாலும் இருப்பது உங்கள் மேசையில்.

கேள்வி: நான் ஒரு செவிலியர். கண்காட்சி அரங்கில் நிறுவனங்கள் தரும் செயல்விளக்கங்களை நம்பலாமா?

பதில்: கருவியைக் கையில் எடுத்துப் பார்க்கவும், அதை எப்படிக் கிருமி நீக்கம் செய்வது, எந்தப் பாகத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்ற வேண்டும் என்றெல்லாம் விற்பனையாளரைக் குடைந்து கேட்கவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. சிகிச்சையின் பலனைப் பற்றிய பேச்சைத்தான் சற்றுத் தள்ளி நின்று கேட்க வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டினால், வெளிச்சமும் தூரமும் முகத்தின் சாய்வும் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்; தாடையைச் சற்றே முன்னால் நீட்டித் தூக்கினால் கழுத்துத் தொங்கல் கத்தியின்றியே குறைந்துவிடும். பேச்சாளர் எந்த நிறுவனத்திடம் பணம் பெறுகிறார் என்பதை அறிவிக்கும் முதல் திரைப்படிவம் (ஸ்லைடு) பெரும்பாலும் கண் இமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். அதைத் தவறவிடாதீர்கள். திரையில் தெரியும் நோயாளிகளின் படங்களைக் கைபேசியில் எடுக்காதீர்கள். கற்பிப்பதற்கென்று மட்டுமே ஒப்புதல் தந்தவர்கள் அவர்களில் இருப்பார்கள்.

கேள்வி: நான் அறுவை சிகிச்சை நிபுணர். எங்கள் அணியினர் அனைவரும் மாநாட்டுக்கு வர விரும்புகிறார்கள். நான்கு நாள் மருத்துவமனையை மூடிவிடலாமா?

பதில்: வெளிநோயாளர் பிரிவை மூடலாம், ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர்களை என்ன செய்வீர்கள்? உடலின் ஓரிடத்துத் திசுவை எடுத்து வேறிடத்தில் இரத்தக் குழாய்களோடு இணைக்கும் அறுவை சிகிச்சையில், அடைப்புகள் பெரும்பாலும் முதல் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஏற்படுகின்றன. திசு வெளிறிக் குளிர்ந்தால் தமனியிலும், நீலம் பாய்ந்து வீங்கினால் சிரையிலும் அடைப்பு இருக்கலாம் என்பதை இரவு இரண்டு மணிக்கும் கண்டுகொள்ளும் செவிலியரும், உடனே அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்லும் நிபுணரும் இல்லாத நிலையில் அத்தகைய நோயாளியை விட்டுச் செல்லக்கூடாது. ஆகவே பயணத்துக்கு முந்தைய சில நாட்களில் பெரிய அறுவைகளை வைத்துக்கொள்ளாதீர்கள். முகச்சுருக்க நீக்க அறுவைக்குப் பின் இரத்தம் கட்டுவதும் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான்.

உங்களுக்குப் பதிலாகப் பொறுப்பேற்பவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போகாமல், நோயாளிகளின் குறிப்புகளைக் கையில் கொடுத்து, அவருடைய எண்ணை நோயாளிகளுக்கும் தெரிவியுங்கள். அணியினரில் பாதிப் பேரை இம்முறையும் மீதிப் பேரை அடுத்த முறையும் அழைத்துச் செல்லுங்கள். தங்குகிறவர்களுக்கு அடுத்த மாநாட்டில் இடம் உறுதி என்பதை இப்போதே எழுத்தில் கொடுத்துவிட்டால் முணுமுணுப்பும் இருக்காது.