18 சதவீத கிராஃப்ட் பீர் மொடாக்குடியை வளர்க்குமா? ஒரு பாட்டிலில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

கிராஃப்ட் பீர் என்றால் சிறு ஆலைகள் தனிச் சுவையோடு காய்ச்சும் பீர். கேள்வியில் வரும் 18 சதவீத பீர், ஸ்காட்லாந்தின் பிரூடாக் நிறுவனம் 2009இல் விற்ற ‘டோக்கியோ’. 18.2%, 330 மில்லி பாட்டில், விலை 9.99 பவுண்டு. மல்லிகையும் கிரான்பெர்ரியும் ஓக் மரச் சீவலும் சேர்த்த, ஸ்டவுட் எனப்படும் கறுப்பு பீர். சாதாரண பீர் ஈஸ்ட் பெரும்பாலும் 10, 12 சதவீதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. அதனால் ஷாம்பெயின் ஈஸ்டையும் போட்டு நொதிக்க வைத்தார்கள். ஒரே பாட்டிலில் ஆறு யூனிட்டா என்று மதுத் தீமைக்கு எதிராக இயங்கும் அமைப்புகள் கொதித்தன.

ஆறு யூனிட் என்பது சரிதான். பிரிட்டனில் ஒரு யூனிட் என்றால் 10 மில்லி, அதாவது 8 கிராம் தூய ஆல்கஹால். பாட்டிலின் மில்லியை லேபிளில் உள்ள சதவீதத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். 330 × 18.2 ÷ 1000 = 6. இதே கணக்கில் 4% பீர் ஒரு பைண்ட் (568 மில்லி) 2.3 யூனிட். 9% லாகர் 500 மில்லி கேன் 4.5. நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கும் 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8% என்றால் 5.2. டோக்கியோவுக்கும் அதற்கும் ஒரு யூனிட்கூட வித்தியாசம் இல்லை. சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதும், சதவீதம் குறைவு என்று தைரியமாக இருப்பதும் இரண்டுமே தவறு.

பிரிட்டனின் பரிந்துரை, ஆணோ பெண்ணோ வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டக் கூடாது, அதையும் ஓரிரு நாளில் தீர்க்கக் கூடாது என்பது. ஒரே அமர்வில் ஆண் 8, பெண் 6 யூனிட்டைத் தாண்டினால் அங்கே அதை மொடாக்குடி என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

டோக்கியோ போன்ற பீர் அந்தப் பழக்கத்தை வளர்க்கும் என்று நான் நினைக்கவில்லை. காரணம் விலை. டோக்கியோவில் ஒரு யூனிட்டுக்கு 1.66 பவுண்டு ஆகிறது. அதே காலத்தில் 7.5% ஒயிட் சைடர் (மலிவான ஆப்பிள் மது) மூன்று லிட்டர் பாட்டில், அதாவது 22.5 யூனிட், நான்கு பவுண்டுக்கும் குறைவாகக் கிடைத்தது. உண்மையில் ஆட்களைச் சாய்த்தது அதுதான். ஸ்காட்லாந்து 2018 மே மாதம் யூனிட்டுக்குக் குறைந்தது 50 பென்ஸ் (அரை பவுண்டு) என்று சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பாட்டிலை 11.25 பவுண்டுக்குக் கீழே விற்க முடியாமல் போனது. 2024 செப்டம்பரில் 65 பென்ஸ் ஆனது. மதுவால் மட்டுமே நேரும் மரணங்கள் இந்தச் சட்டத்தால் 13.4% குறைந்ததாக 2023இல் ஸ்காட்லாந்து பொதுச் சுகாதாரத் துறை மதிப்பிட்டது. டோக்கியோவுக்கோ யூனிட் விலை 2009லேயே அந்த 50 பென்ஸ் வரம்பைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

டோக்கியோ சிக்கிய இடம் வேறு. மது நிறுவனங்களே நடத்தும் போர்ட்மன் குழுமம் அதன் லேபிள் வாசகத்தைக் குறை சொன்னது. அவ்வப்போது மிதமிஞ்சிக் குடிக்க வேண்டும், அதற்கான பீர் இது என்ற பொருளில் லேபிளில் எழுதியிருந்தார்கள். அந்தக் கண்டிப்பு நியாயமானது. கடுமையான பீரைக் காய்ச்சுவது ஒன்று, மிதமிஞ்சிக் குடி என்று அதன் மேலேயே அச்சடிப்பது இன்னொன்று.

கிராஃப்ட் பீரில் என்னை உண்மையாகக் கவலைப்படுத்துவது 8 முதல் 10 சதவீத டபுள் ஐபிஏவும் (ஹாப்ஸ் நிறையச் சேர்த்த கடுமையான பீர்), இனிப்புச் சேர்த்த ஸ்டவுட்டும் 440 மில்லி கேனில் வருவதுதான். 9% என்றால் ஒரு கேன் 4 யூனிட். இரண்டே கேனில் 8. காரம் நாக்குக்குத் தெரிவதில்லை: நொதிக்காமல் மிஞ்சிய மால்ட் (முளைகட்டிய தானியம்) இனிப்பும், பாலில் உள்ள லாக்டோஸைச் சேர்ப்பதும் ஆல்கஹாலின் எரிச்சலை மூடிவிடும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களின் பழ வாசனை மூக்கை ஏமாற்றும். நன்றாகக் குளிரவைத்தால் மிச்சமிருக்கும் காரமும் அடங்கிவிடும். விஸ்கியைப் போலத் தொண்டையில் எரிந்திருந்தால் கை தானாகவே மெதுவாகும். இங்கே 4% பீர் குடிக்கும் வேகத்திலேயே குடித்து முடிக்கிறார்கள். ரத்தத்தில் அளவு உச்சத்தைத் தொடப் பொதுவாக அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் இரண்டாவது கேன் காலியாகியிருக்கும்.

இதற்குச் செய்யக்கூடியவை எளிமையானவை. பைண்ட் கிளாஸை ஒதுக்கிவிட்டு, பிரிட்டிஷ் பப்களில் சட்டப்படி கிடைக்கும் மூன்றில் ஒரு பைண்ட் (சுமார் 190 மில்லி) கேளுங்கள். 9% பீர் அந்த அளவில் 1.7 யூனிட். வீட்டில் குடிப்பதானால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 10 முதல் 13 டிகிரி வரும்வரை வையுங்கள், காரம் தெரியவரும். வெறும் வயிறு கூடவே கூடாது. 750 மில்லி பெரிய பாட்டிலை மூன்று பேர் இருந்தால் மட்டும் திறங்கள். 11% என்றால் அது முழுதாக 8.25 யூனிட். ஒருமுறை திறந்தால் கேஸ் போய்விடும் என்பதால் ‘வீணாகிறதே’ என்று தனியாளாக முடித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மறுநாளுக்கு வைக்க நினைத்தால் சிறிய பாட்டிலே வாங்குங்கள். உறையவைத்துப் பனிக்கட்டியை நீக்கிச் செறிவாக்கும் வகை, பிரூடாக்கின் 32% ‘டாக்டிகல் நியூக்ளியர் பென்குயின்’ போன்றது, பெயரில்தான் பீர். அதை விஸ்கி போன்ற மதுவின் அளவில், 25 மில்லி வீதம் ஊற்ற வேண்டும்.

உடல் ஏறக்குறைய மணிக்கு ஒரு யூனிட் வீதம்தான் வெளியேற்றும். காபி, குளியல், மோர் எதுவும் அதை வேகப்படுத்தாது. நள்ளிரவில் 8 யூனிட்டோடு படுத்தவர் காலை ஏழு மணிக்கு வண்டி எடுக்கக் கூடாது.

கூட இருப்பவர் எழுப்பியும் எழாமல், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக, தோல் சில்லிட்டு நீலம் பாய்ந்திருந்தால் ‘தூங்கட்டும்’ என்று விடாதீர்கள். வயிற்றில் இருப்பது இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல், பிரிட்டனில் 999, இந்தியாவில் 108 அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள்.

தினமும் கடுமையான பீர் குடித்து, காலையில் கை நடுங்கும் நிலைக்கு வந்தவர் திடீரென முழுதாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவருக்கு மேலே சொன்ன கிளாஸ் அளவுகள் பயன்படாது. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.