வாசகர் கேள்வி பதில்: துருவைத் தடுக்கும் மின்பெட்டிக்கு 1,200 ரிங்கிட் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அடுத்த மாதம் புதிய கார் எடுக்கவிருக்கிறேன். பேட்டரியோடு இணைக்கும் சிறிய மின்பெட்டி ஒன்றைப் பொருத்தினால் 10 ஆண்டுகளுக்குத் துரு அண்டாது என்று விற்பனையாளர் சொல்கிறார். விலை 1,200 ரிங்கிட். அதையும் கார்க் கடனிலேயே சேர்த்துவிடலாமாம். கடன் 9 ஆண்டு, 3 விழுக்காடு நிலையான வட்டி. உப்புநீர்த் தொட்டி ஒன்றில் இரண்டு இரும்புத் தகடுகளைப் போட்டு வைத்திருந்தார். பெட்டியோடு இணைத்த தகடு பளபளப்பாக இருந்தது. மற்றது பழுப்பேறிக் கிடந்தது. கண்ணால் பார்த்ததை நம்பாமல் இருக்க முடியவில்லை. ஆனால் தோட்டத்து லோரிப் பட்டறையில் வேலை செய்த என் அப்பா, "அது தண்ணியில கிடக்கிற கப்பலுக்குத்தாம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். ஆயினும் நீங்கள் தொட்டியில் பார்த்தது கண்கட்டு வித்தை அல்ல என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஈரம் பட்ட இரும்பின் மேல் நடக்கும் ஒரு சிறிய மின்கல வேலையைத்தான் நாம் துரு என்கிறோம். இரும்புப் பரப்பில் ஓரிடம் எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது. பக்கத்திலேயே இன்னோரிடத்தில் நீரும் ஆக்சிஜனும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. வெளியிலிருந்து இரும்புக்கு இடைவிடாமல் எலெக்ட்ரான்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது கரைய வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. இதை 1824-ஆம் ஆண்டிலேயே சர் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளுக்குத் துத்தநாகத்தையும் இரும்பையும் துணை வைத்துக் காட்டிவிட்டார். (செப்பு அரிக்காமல் நின்றது உண்மை, ஆனால் செப்பு கரையாததால் சிப்பிகளும் பாசியும் அடியில் அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன என்பது வேறு கதை.) இன்றும் கப்பலின் அடிப்பாகம், கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகள், மண்ணுக்குள் போகும் எரிவாயுக் குழாய்கள் எல்லாம் இந்த முறையில்தான் காக்கப்படுகின்றன.

இவை எல்லாவற்றிலும் இரும்பும் அதைக் காக்கும் மற்றொரு உலோகமும் ஒரே நீரில் அல்லது ஒரே ஈர மண்ணில் கிடக்கின்றன. மின்னோட்டம் ஒரு வழியாகப் போய் மறுவழியாகத் திரும்ப வேண்டும். திரும்பும் வழி அந்த நீர்தான். நீங்கள் பார்த்த தொட்டியை மனக்கண்ணில் மீண்டும் பாருங்கள். பெட்டியிலிருந்து ஒரு கம்பி தகட்டுக்குப் போயிருக்கும். இன்னொரு கம்பியோ உலோகத் துண்டோ தொட்டியின் ஏதாவது ஓர் ஓரத்தில் நீருக்குள் முங்கியிருந்திருக்க வேண்டும். அது இல்லாமல் அந்தத் தகடு பளபளத்திருக்காது.

உங்கள் கார் தொட்டியில் கிடக்கவில்லை, காற்றில் நிற்கிறது. மழை பெய்தால் கதவில் சில துளிகள், சக்கர வளைவில் கொஞ்சம் சேறு, அடித்தகட்டில் படலமாகச் சிறிது ஈரம் என்று நீர் துண்டுதுண்டாகத்தான் இருக்கும். ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் இடையில் வழி இல்லை. பின்சக்கரத்துச் சேற்றுக்குள் தொடங்கிய துருவுக்கு, எஞ்சின் அறையில் திருகி வைத்த பெட்டியிலிருந்து எந்த உதவியும் வந்து சேராது. "கார் உடல் முழுவதையும் எலெக்ட்ரான்களால் நிரப்பிவிடுகிறோம்" என்று விளம்பரத் தாளில் எழுதியிருந்தால், கார் உடல் ஏற்கெனவே பேட்டரியின் எதிர்மின்முனையோடு (நெகட்டிவ்) இணைந்துதான் இருக்கிறது என்பதையும், அதனால் எந்தக் காரிலும் துரு நின்றுவிடவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகள் வண்ணப்பூச்சின் மேல் ஒட்டும் வில்லைகள் வழியாக மின்துடிப்புகளை அனுப்புவதாகச் சொல்லப்படுகிறது. அந்த வில்லையும் வண்ணப்பூச்சும் அடியிலுள்ள தகடும் சேர்ந்து ஒரு மின்தேக்கி (கெப்பாசிட்டர்) ஆகிவிடுகின்றன. துருவைத் தடுக்கத் தேவையானது ஒரே திசையில் தொடர்ந்து ஓடும் மின்னோட்டம். அதைத்தான் மின்தேக்கி அனுமதிப்பதில்லை.

விற்பனையாளரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தகட்டைத் தொட்டியிலிருந்து எடுத்து, பெட்டியோடு இணைத்தபடியே மேசையில் வைத்து, காலையும் மாலையும் உப்புநீர் தெளித்து ஒரு வாரம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் விடை உங்கள் கண்முன்னே வந்துவிடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அதுவும் ஒரு விடைதான்.

அமெரிக்காவில் இத்தகைய பெட்டிகளை விற்ற ஒருவரை, வாங்கியவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும்படி அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் 1996-இல் உத்தரவிட்டது. 'ரஸ்ட் பஸ்டர்', 'ரஸ்ட் இவேடர்' என்ற பெயர்களைப் பயன்படுத்தவும் தடை விதித்தது. எனக்கும் இதில் கொஞ்சம் சொந்த வயிற்றெரிச்சல் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் பேரங்காடி ஒன்றில் நடந்த விற்பனை விழாவில் இதே போன்ற பெட்டியை வாங்கி என் பழைய புரோட்டோன் சாகாவில் மாட்டினேன். பச்சை விளக்கு ஆண்டுக்கணக்கில் அழகாக எரிந்தது. பின்சக்கர வளைவின் உள்மடிப்பில் விரல் நுழையும் ஓட்டையும் விழுந்தது. ஒரு காரை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆனால் அந்த விளக்கு, பெட்டிக்கு மின்சாரம் வருகிறது என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

"10 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்களே" என்று கேட்பீர்கள். அந்த அட்டையின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். இத்தகைய உத்தரவாதங்கள் பெரும்பாலும் உள்ளிருந்து துருவேறித் தகட்டில் ஓட்டை விழுந்தால் மட்டுமே செல்லும். கல்லடி பட்ட இடம், இடித்துத் திருத்திய இடம் எல்லாம் விலக்கப்பட்டிருக்கும். ஆண்டுச் சோதனையை ஒருமுறை தவறவிட்டாலும் அட்டை காலாவதியாகிவிடும். இன்றைய காரின் தகடுகள் பெரும்பாலும் துத்தநாகம் பூசியவை. அதோடு, முழு உடலையும் பூச்சுத் தொட்டியில் முக்கி, மின்சாரத்தைச் செலுத்தி, மூலை முடுக்கெல்லாம் அடிப்பூச்சு படியச் செய்கிறார்கள். மின்சாரம் உங்கள் காரைத் துருவிலிருந்து காக்கத்தான் செய்கிறது. அந்த வேலை தொழிற்சாலைத் தொட்டியிலேயே முடிந்துவிட்டது. எப்படியும் 10 ஆண்டுக்குள் ஓட்டை விழாத காருக்கு, ஓட்டை விழாது என்று உத்தரவாதம் கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

நிலையான வட்டி என்றால் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் ஒவ்வோர் ஆண்டும் வட்டி. எனவே கடனில் சேர்த்தால் 1,200 ரிங்கிட்டுக்கு 9 ஆண்டில் வட்டி மட்டும் 324 ரிங்கிட், மொத்தம் 1,524. "மாதம் 14 ரிங்கிட்தானே" என்று அதையே அவர் இனிமையாகச் சொல்வார்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, கதவுகளுக்கும், கதவுக்குக் கீழே ஓடும் உள்ளீடற்ற வாசற்படிச் சட்டங்களுக்கும் உள்ளே நல்ல பட்டறையில் மெழுகு அடித்துக்கொள்ளுங்கள். அடிப்பாகத்தில் தார் போன்ற கெட்டியான பூச்சை அப்பச் சம்மதிக்காதீர்கள். அது வெடித்தால் பூச்சுக்கும் தகட்டுக்கும் இடையில் ஈரம் புகுந்து, வெளியே தெரியாமலேயே தின்னும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் மழைக்காலத்தில் போய் வந்தால், கூரையைத் தேய்ப்பதைவிடச் சக்கர வளைவுகளுக்குள் நீரைப் பீய்ச்சுவது முக்கியம். கதவின் அடியோரத்தில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். இலைச் சருகும் மண்ணும் அவற்றை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

கேள்வி: பாகான் டத்தோ பக்கம் தோட்டங்களுக்கு உரமும், திரும்பும்போது செம்பனைக் குலைகளும் ஏற்றும் லோரி வைத்திருக்கிறேன். குறுக்குச் சட்டங்கள் நான்கு ஆண்டில் பொடிந்துவிட்டன. லோரிக்கென்றே 24 வோல்ட் பெட்டி இருக்கிறதாம். கடற்காற்றுதான் காரணம் என்கிறார்கள்.

பதில்: கடற்காற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் உங்கள் லோரியைத் தின்பது பெரும்பாலும் நீங்கள் ஏற்றும் சரக்குதான். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் ஏறக்குறைய 47 விழுக்காடு குளோரைடு. கடலுப்பில் இரும்பை அரிக்கும் அதே குளோரைடுதான் இது. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள், அங்கே கார்கள் துருவேறிப் போகின்றன என்று படிக்கிறோம். நீங்கள் அந்த உப்பின் உறவுக்காரனையே மூட்டை மூட்டையாக லோரிக்குள் ஏற்றுகிறீர்கள்.

மழை பெய்யாத நாளிலும் இது ஓயாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 84 விழுக்காட்டைத் தாண்டினால் பொட்டாசியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். அமோனியம் சல்பேட்டுக்கு 80 விழுக்காடே போதும். உரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். நம் ஊரில் பின்னிரவு ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 90 விழுக்காட்டுக்கு மேல். ஆகவே பலகை இடுக்கில் கொட்டிக் கிடக்கும் உரத்தூள் ஒவ்வோர் இரவும் உப்புநீராகி, விடிந்து வெயில் ஏறியதும் காய்ந்து, மறுபடி இரவில் நனைகிறது. 24 வோல்ட் என்றாலும் 240 வோல்ட் என்றாலும் அந்தப் பெட்டி இதைத் தடுக்காது.

உரம் இறக்கிய அன்றே, அடுத்த நடைக்குக் குலை ஏற்றுவதற்கு முன், பலகை இடுக்குகளையும் குறுக்குச் சட்டங்களின் மேற்புறத்தையும் நன்னீரால் கழுவுங்கள். "நாளைக்குக் கழுவலாம்" என்றால் இடையில் ஓர் இரவு வந்துவிடுகிறது. உர நடைகளுக்குத் தரையில் தடித்த தார்ப்பாய் விரியுங்கள். புதிய சட்டங்களைப் பலகையின் கீழ் மாட்டுவதற்கு முன்பே, துருவைச் சுரண்டிய வெற்று இரும்பின் மேல் துத்தநாகச் செறிவுள்ள அடிப்பூச்சை அடியுங்கள். பழைய பூச்சின் மேல் அடித்தால் துத்தநாகம் இரும்பைத் தொடாது, பயனும் இராது.

கேள்வி: நான் போன ஆண்டே என் காரில் இப்படியொரு பெட்டியை மாட்டிவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. பொருளைப் பற்றித் தவறான வாக்குறுதி தருவதை 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. முதலில் விற்றவருக்கு எழுத்துமூலமாகக் கேளுங்கள். மறுத்தால், மூன்று ஆண்டுக்குள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரிக்கை பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை ஏற்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு இந்த வழி திறக்காது என்பதை மேலே எழுதிய லோரிக்கார அன்பர் கவனிக்க. ரசீது, உத்தரவாத அட்டை, விளம்பரத் தாள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வாய்ச்சொல்லைவிட "10 ஆண்டு துரு அண்டாது" என்று அச்சிட்ட தாள்தான் உங்களுக்குப் பலம்.

பெட்டியைக் கழற்றினால், அதைத் திருகி வைக்கத் துளையிட்ட இடங்களை அன்றே சுத்தம் செய்து வண்ணம் பூசி அடையுங்கள். வெற்றுத் தகடு வெளியே தெரியும் துளைகளில்தான் துரு முதலில் பிடிக்கும்.