பெரிய காரியங்களைக் கேட்கலாமா? ஜெபம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஆண்டவரிடம் பெரிதாகக் கேட்பது பேராசை ஆகாதா? 'உம் சித்தப்படி ஆகட்டும்' என்று முடித்துக்கொள்வதுதானே பணிவு?

பதில்: வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 18-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். பாவத்தினால் அழிவு நெருங்கிய சோதோம் ஊரில் 50 நீதிமான்கள் இருந்தால் அதை அழிக்காமல் விட்டுவிடுவீரா என்று ஆபிரகாம் ஆரம்பிக்கிறார். ஆண்டவர் சரி என்கிறார். அப்புறம் 45, 40, 30, 20 என்று இறங்கி 10-க்கு வந்துவிடுகிறார். 'நான் தூளும் சாம்பலும்' என்கிறார், 'கோபம் வரவேண்டாம்' என்று கெஞ்சுகிறார், ஆனாலும் கேட்பதை விடவில்லை. பணிவும் துணிவும் ஒரே வாயில் இருக்கின்றன. 'போதும், நிறுத்து' என்று ஆண்டவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'இன்னும் ஒரே தரம்' என்று முடித்துக்கொண்டவர் ஆபிரகாம்தான். சோதோம் தப்பவில்லை. ஆனால் ஆண்டவர் ஆபிரகாமை நினைத்து, அங்கே குடியிருந்த அவருடைய சகோதரன் மகன் லோத்தை வெளியே அனுப்பினார் என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது.

சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் 'இந்தப் பாத்திரம் நீங்கட்டும்', அதாவது இந்தப் பாடு வேண்டாம் என்று கேட்ட பிறகுதான் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தார். நம்மில் பலர் முதல் பாதியை விட்டுவிடுகிறோம். ஏமாந்துபோவோமோ என்ற பயத்தைப் பணிவு என்று நினைத்துக்கொள்கிறோம் என்பது என் எண்ணம்.

கேள்வி: அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, வாய்விட்டு ஏன் கேட்க வேண்டும்?

பதில்: பர்திமேயு பார்வையற்றவர் என்பது இயேசுவுக்குத் தெரியாதா? ஆனாலும், 'நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்' என்று கேட்டார். கூட்டம் அதட்டியும் அடங்காத அந்த மனிதர் பிச்சை கேட்கவில்லை, பார்வை கேட்டார். தகப்பனுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் பிள்ளை வாயால் கேட்க அவருக்கு ஆசை.

கேள்வி: எனக்கு அந்தத் தகுதி இல்லையே, ஐயா.

பதில்: யாருக்கும் இல்லை. 'தைரியமாய்' சேரச் சொல்லும் எபிரெயர் 4:16, நாம் சேரும் இடத்தைக் கிருபாசனம், அதாவது கிருபையின் சிங்காசனம் என்றுதான் சொல்கிறது.

கேள்வி: அம்மா குணமாக வேண்டும் என்று வருஷக்கணக்கில் கேட்டேன். போய்விட்டார்கள். அப்படிக் கேட்டதே தவறா?

பதில்: இல்லை, சகோதரி. உங்கள் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள். தன் பிள்ளைக்காகத் தாவீது உபவாசித்துத் தரையில் கிடந்தார். பிள்ளை ஏழாம் நாள் இறந்தது. பவுல், 'முள்' என்று தான் சொன்ன ஒரு வேதனை நீங்க மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. 'என் கிருபை உனக்குப் போதும்' என்ற பதில்தான் வந்தது. அவர்கள் கேட்டதை வேதம் எங்கும் குற்றம் என்று சொல்லவில்லை. உங்கள் கோபத்தையும் அவரிடமே கொட்டுங்கள். பிள்ளையில்லாமல் மனங்கசந்து அழுத அன்னாள் குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி நினைத்தார். ஆண்டவர் அவளைத் தள்ளிவிடவில்லை.

கேள்வி: அப்படியானால் பணம், பதவி எதையும் கேட்கலாமா?

பதில்: கேளுங்கள், ஆனால் எதற்கு என்றும் சொல்லுங்கள். இச்சைக்காகக் கேட்பதைப் பற்றி யாக்கோபு 4:3 எச்சரிக்கிறது. அந்தக் காரணத்தை அவர் முன் சொல்ல வாய் வரவில்லை என்றால், முதலில் அதைப் பற்றிப் பேசுங்கள்.